ஏழு லட்சம் பேருக்கு ஒரே எம்.எல்.ஏ.: சோழிங்கநல்லூர் கணக்கு

போன மழைக்கு எங்க தெருவுல நாலு நாள் தண்ணி நின்னுச்சு. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு வாடகை வீட்டுல ஏழு பேரா தங்கியிருக்கோம். மூணாவது நாள் பைக்கைத் தள்ளிக்கிட்டு, பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சுவிட்டுக்கிட்டு ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம். "அந்தத் தெரு எங்க லிமிட்ல வராது தம்பி" என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கேயும் அதே பதில், வேற வார்த்தையில்.

திரும்பி வரும்போது ரூம்மேட் கேட்டான்: "சரி, நம்ம எம்.எல்.ஏ. யாருடா?"

ஏழு பேருக்கும் தெரியல. அமெரிக்க செனட்ல யாருக்கு எத்தனை சீட்டுன்னு ரீல்ஸ் பார்த்துச் சொல்ற கூட்டம் இது. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். எம்.எல்.ஏ. பேரு அரை நிமிஷத்துல கிடைச்சுடுச்சு. ஆனா தேடத் தேட அதைவிடப் பெரிய கணக்கு ஒண்ணு கிடைச்சது. அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதல்ல தொகுதியைப் பார்ப்போம்

சோழிங்கநல்லூர், தமிழகத்தின் 27ஆம் எண் சட்டமன்றத் தொகுதி. பெருங்குடி, ஒக்கியம் துரைப்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி என ஓ.எம்.ஆர். ஓரத்து ஊர்கள் ஒரு பக்கம். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி என ஈ.சி.ஆர். ஓரத்து ஊர்களும் மீனவக் குப்பங்களும் இன்னொரு பக்கம். உள்ளே போனால் பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம்.

ஒரே தொகுதிக்குள்ள கண்ணாடிக் கட்டட ஐ.டி. கம்பெனி இருக்கு, கட்டுமரம் இருக்கு, சதுப்பு நிலம் இருக்கு, இருபது மாடி அபார்ட்மென்ட் இருக்கு, நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கான குடியிருப்புகளும் இருக்கு.

நிர்வாக எல்லையைப் பார்த்தா தலை சுத்தும். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, பெருங்குடி 14ஆவது மண்டலமாகவும் சோழிங்கநல்லூர் 15ஆவது மண்டலமாகவும் உள்ளே வந்தன. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் வெளியே ஊராட்சிகளாகவே நின்றுவிட்டன. ஆக, தொகுதியின் ஒரு பாதிக்கு மேயர், கவுன்சிலர். மறு பாதிக்கு ஊராட்சித் தலைவர். தேர்தல் பட்டியலில் இந்தத் தொகுதி செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் வரும். பாராளுமன்றத்துக்கோ தென்சென்னை. "எங்க லிமிட் இல்ல" என்ற பதில் ஏன் இவ்வளவு சுலபமா வருதுன்னு இப்போ புரியுதா? நடுவுல ஒரு வாய்க்கால் ரெண்டு எல்லையைத் தாண்டி ஓடும். தண்ணிக்கு லிமிட் தெரியாது.

இந்த எல்லா எல்லைக்கும் மேலே, எல்லாருக்கும் பொதுவா இருக்கிற ஒரே உள்ளூர்ப் பிரதிநிதி எம்.எல்.ஏ. தான்.

2011இல் இந்தத் தொகுதியில் அ.தி.மு.க.வின் கே.பி. கந்தன் வென்றார். 2016இலும் 2021இலும் தி.மு.க.வின் எஸ். அரவிந்த் ரமேஷ். அடுத்தடுத்த தேர்தல்களில் பெயர்களும் கட்சிகளும் மாறும். நாம பேசப்போற விஷயம் எந்தக் கட்சி வந்தாலும் மாறாத விஷயம்.

ரெண்டு தொகுதி, நாலு மடங்கு வித்தியாசம்

2021 தேர்தலுக்கான இறுதி வாக்காளர் பட்டியலில் சோழிங்கநல்லூரில் இருந்த வாக்காளர்கள் ஏறத்தாழ 6.94 லட்சம். மாநிலத்திலேயே பெரிய தொகுதி.

அதே சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டை, மண்ணடி பகுதிகளைக் கொண்ட துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.76 லட்சம்.

ரெண்டுக்கும் சட்டமன்றத்தில் தலா ஒரு நாற்காலி. வகுத்துப் பாருங்க: கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதாவது துறைமுகத்தில் ஒருத்தர் போடும் ஓட்டுக்கு இருக்கிற எடை, சோழிங்கநல்லூரில் நாலு பேர் சேர்ந்து போட்டால்தான் வரும்.

இன்னும் தெளிவா வேணுமா? 2021இல் துறைமுகத்தில் வென்ற தி.மு.க.வின் பி.கே. சேகர்பாபு வாங்கிய ஓட்டு சுமார் 59 ஆயிரம். சோழிங்கநல்லூரில் அதே தேர்தலில் தோற்ற கே.பி. கந்தன் வாங்கியது சுமார் 1.36 லட்சம். அங்கே ஜெயிச்சவரைவிட இங்கே தோத்தவர் ரெண்டு மடங்குக்கு மேல வாங்கியிருக்கார். இதுல அந்த ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. கோடு போட்ட விதம் அப்படி.

தமிழகத்தில் மொத்தம் 234 தொகுதிகள். 2021இல் வாக்காளர்கள் சுமார் 6.28 கோடி. சராசரியா ஒரு தொகுதிக்கு 2.68 லட்சம். இந்தச் சராசரிப்படி பார்த்தா சோழிங்கநல்லூருக்கு ரெண்டரை எம்.எல்.ஏ. இருந்திருக்கணும். துறைமுகத்துக்கு முக்கால்கூட வராது.

சரி, அதனால என்ன குறைஞ்சு போச்சு?

நியாயமான கேள்வி. ஒரு எம்.எல்.ஏ. நல்லா வேலை செஞ்சா போதாதா? மூணு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல் கணக்கு, நேரம். எம்.எல்.ஏ. ஒருத்தர் தன் தொகுதி வாக்காளர் ஒவ்வொருத்தரையும் வாழ்க்கையில ஒரே ஒரு நிமிஷம் பார்க்கிறார்னு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. துறைமுகத்தில் ஒரு வருஷத்தில் முடிஞ்சிடும். சோழிங்கநல்லூரில் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும். பதவிக்காலமே அஞ்சு வருஷம்தான். சட்டமன்றத்துக்கு எப்போ போறது, ஃபைலை எப்போ பார்க்கிறது?

இரண்டாவது கணக்கு, பணம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய். இதில் பள்ளிக்கூட வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், பஸ் நிழற்குடை, தெரு விளக்கு போன்ற வேலைகள் நடக்கும். தொகுதி பெருசா சின்னதான்னு இந்த நிதி பார்க்காது. 234க்கும் ஒரே தொகை. வாக்காளர் தலைக்கு வகுத்தால் துறைமுகத்தில் சுமார் 170 ரூபாய், சோழிங்கநல்லூரில் சுமார் 43 ரூபாய். ஒரு டீயும் ரெண்டு வடையும்.

'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக 2022இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தங்கள் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகள் கேட்கப்பட்டன. நல்ல யோசனைதான். ஆனா 1.76 லட்சம் பேருக்கும் பத்து, 6.94 லட்சம் பேருக்கும் பத்து.

மூணாவது கணக்கு, குரல். சட்டமன்றத்தில் கேள்வி நேரம், மானியக் கோரிக்கை விவாதம், கவன ஈர்ப்புத் தீர்மானம் எல்லாமே உறுப்பினருக்கு இத்தனை என்ற கணக்கில்தான் நடக்கும். ஓ.எம்.ஆரின் பல விஷயங்கள் மாநில அரசு முடிவு செய்பவை: மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை, குடிநீர் வாரியக் குழாய், பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உதாரணத்துக்கு, இந்தச் சாலையின் பெருங்குடி, துரைப்பாக்கம் உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதல் கட்டணம் நிறுத்தப்பட்டது. சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட முடிவு அது. தினமும் ஆபீஸ் போற வழியில காசு கட்டின லட்சக்கணக்கான பேரோட விஷயம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குரலா மூணு குரலா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

"தண்ணி நின்னா கவுன்சிலர்கிட்ட சொல்லணும், எம்.எல்.ஏ. எதுக்கு?" என்று சிவிக்ஸ் படிச்சவங்க கேட்கலாம். சரியான கேள்வி. ஆனா ஒண்ணு தெரியுமா? 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்கல. அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலர் என்று ஒருத்தரே கிடையாது, மேயரும் கிடையாது. அதிகாரிகள்தான் நடத்தினாங்க. அந்தக் காலம் முழுக்க சாக்கடை அடைப்பிலிருந்து சாதிச் சான்றிதழ் வரைக்கும் மக்கள் போய் நிற்க இருந்த ஒரே தேர்ந்தெடுக்கப்பட்ட வாசல் எம்.எல்.ஏ. அலுவலகம். பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு.

இப்படி ஆனது எப்படி?

யாரோ திட்டம் போட்டு சோழிங்கநல்லூரை வஞ்சிச்சாங்கன்னு நினைச்சா அது தப்பு. கோடு போட்டப்போ கணக்கு சரியாத்தான் இருந்தது. அதான் இந்தக் கதையில சுவாரசியமான இடம்.

அரசியல் சட்டத்தின் 170ஆவது பிரிவு சொல்வது இது: ஒரு மாநிலத்துக்குள், ஒவ்வொரு தொகுதியின் மக்கள் தொகைக்கும் அதற்கான இடங்களுக்கும் உள்ள விகிதம், முடிந்த அளவுக்கு மாநிலம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகும் கோடுகளைத் திருத்த வேண்டும். இதைச் செய்வதற்குப் பெயர் தொகுதி மறுவரையறை.

ஆனால் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் இதை நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள், மக்கள் தொகை குறைந்ததற்காக இடங்களை இழக்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதனால் 1971 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட கோடுகள் முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்தன. ஊர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பழைய வில்லிவாக்கம், தாம்பரம், ஆலந்தூர் தொகுதிகள் ஊதிப் பெருத்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான்.

பிறகு 2001இல் 84ஆவது திருத்தம், 2003இல் 87ஆவது திருத்தம். ரெண்டும் சேர்ந்து ஒரு சமரசம் செய்தன. மாநிலத்துக்கு மொத்தம் எத்தனை இடம் என்பது 2026 வரை மாறாது. ஆனால் மாநிலத்துக்கு உள்ளே, 2001 கணக்கெடுப்பின்படி கோடுகளை மாற்றி வரையலாம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் அந்த வேலையைச் செய்தது. 2008இல் புதிய வரைபடம் நடைமுறைக்கு வந்தது. 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும் அதன்படி நடந்தன.

சென்னையில் அப்போது நடந்ததைப் பாருங்க. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் தனித்தனித் தொகுதிகளாக இருந்தவை. ஒன்றாக இணைந்து சேப்பாக்கம் - திருவல்லிக்கேணி ஆனது. மு. கருணாநிதி 1996, 2001, 2006 என மூன்று முறை தொடர்ந்து வென்ற சேப்பாக்கமே அப்படித் தனித்தொகுதி என்ற அடையாளத்தை இழந்தது. பூங்கா நகரும் புரசைவாக்கமும் பட்டியலிலிருந்தே காணாமல் போயின. பதிலுக்கு வேளச்சேரி, விருகம்பாக்கம், கொளத்தூர், சோழிங்கநல்லூர் என்று புதுப் பெயர்கள் முளைத்தன. பழைய நகரம் சுருங்கி, விளிம்பு பெருகியதை வரைபடம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது.

சென்னை மாவட்டத்துக்கு 14 இடங்கள் 16 ஆயின. 2001இல் சென்னை மக்கள் தொகை சுமார் 43.4 லட்சம், 16ஆல் வகுத்தால் 2.71 லட்சம். மாநிலத்தின் 6.24 கோடியை 234ஆல் வகுத்தால் 2.67 லட்சம். கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆணையம் தன் வீட்டுப்பாடத்தைச் சரியாவே செஞ்சிருக்கு.

அப்புறம் எங்க தப்பாச்சு? டேட்டா பழசு. 2001இல் ஓ.எம்.ஆர். எப்படி இருந்திருக்கும்? ஐ.டி. விரிவாக்கத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆறுவழிச் சாலை வந்தது, அபார்ட்மென்ட் வந்தது, பி.ஜி. ஹாஸ்டல் வந்தது, நம்ம மாதிரி காலேஜ் கூட்டமும் வந்தது. 2008இல் வரைந்த கோடு, ஏழு வருஷம் முந்தைய ஊரைப் பார்த்து வரைந்த கோடு. பழைய டிராஃபிக் லாகை வைத்து சர்வர் கெப்பாசிட்டி முடிவு பண்ணினா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வந்தவர்களும், கொண்டுவந்து விடப்பட்டவர்களும்

சோழிங்கநல்லூர் வீங்கினதுக்கு ஐ.டி. மட்டும் காரணம் இல்ல. அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் உண்டு.

2000க்குப் பிறகு நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அரசு இந்தத் தொகுதிக்குள்தான் கொண்டுவந்து குடியமர்த்தியது. முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அப்புறம் எழில் நகர், பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்கள், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரிய அளவில் இங்கே மாற்றப்பட்டார்கள்.

இதைத் தொகுதிக் கணக்கில் யோசிச்சுப் பாருங்க. எழும்பூர், சேப்பாக்கம், ஆயிரம் விளக்கு போன்ற நடுநகரத் தொகுதிகளில் மக்கள் குறைகிறார்கள். ஏற்கெனவே பெருத்துப்போன ஒரு தொகுதியில் கூடுகிறார்கள். வீடு மாறும்போது அவர்களுடைய ஓட்டின் எடையும் குறைகிறது. அரசாங்க உதவி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாத்துக்கும் ஒரு பிரதிநிதி மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான். அவங்களுக்குத்தான் நாற்காலியில் ஆகச் சின்னப் பங்கு.

எங்க தெருமுனையில டீக்கடை வைத்திருக்கும் அக்கா பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்காங்க. கூவக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவங்க. எம்.எல்.ஏ. பேரு தெரியுமான்னு சும்மா கேட்டேன். அவங்க வடைச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னாங்க: "ஓட்டு அங்க கீது, வூடு இங்க கீது. நான் யாராண்ட போய் கேக்கறது சொல்லு? அங்க போனா நீ இங்க இல்லன்றான். இங்க வந்தா உன் பேரு லிஸ்ட்ல இல்லன்றான்."

அவங்களைச் சோழிங்கநல்லூரின் 6.94 லட்சத்தில் சேர்க்கவே முடியாது. அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறவங்க. அதே சமயம், வேலை மாறி பெங்களூரு போனவங்க பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். வேகமா மாறுகிற தொகுதியில் பட்டியல் எப்பவுமே நிஜத்துக்கு ரெண்டு அடி பின்னாடிதான் நடக்கும். போனவர் இருப்பார், வந்தவர் இருக்க மாட்டார்.

வாக்குப்பதிவு குறைவா இருக்கிறதுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. 2021இல் மாநிலத்தில் சுமார் 73 சதவீதம் வாக்குப்பதிவு. சோழிங்கநல்லூரில் 60ஐக்கூடத் தொடவில்லை. உடனே "ஐ.டி. காரனுங்க லீவு போட்டு மகாபலிபுரம் போயிட்டானுங்க" என்று ஒரு வழக்கமான வசவு வரும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா பட்டியலில் பேர் மட்டும் இருந்து ஆள் இல்லாதவங்க எத்தனை பேர், ஆள் இருந்தும் பேர் இல்லாதவங்க எத்தனை பேர் என்று கேட்காமல் திட்டுவது நியாயம் இல்லை.

பிரிச்சுட்டா சரியாயிடுமா?

"அப்போ சிம்பிள், தொகுதியை மூணாப் பிரிச்சிடலாம்" என்று ரூம்மேட் தீர்ப்பு சொல்லிட்டான். அவ்வளவு சிம்பிள் இல்ல.

மொத்த இடங்கள் 234 என்று உறைந்திருக்கும் வரை, இங்கே ரெண்டு கூடினால் வேற எங்கேயோ ரெண்டு குறையணும். எங்கே குறையும்? ஆள் குறைந்துகொண்டே வரும் இடத்தில். கீழ்வேளூர் மாதிரி சின்ன டெல்டா தொகுதிகளில். அந்த ஊர்ப் பையன்தான் இங்கே வந்து பெருங்குடியில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா இன்னும் அங்கே நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். பையனுக்கு எம்.எல்.ஏ. கூடும்போது அப்பாவுக்குக் குறையும். பஸ் அடிக்கடி வராத, பரப்பில் விரிந்த ஒரு கிராமத் தொகுதியை இன்னும் பெரிசாக்கினால், எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். தலை எண்ணிக்கையை மட்டும் வைத்து நியாயம் பேசும்போது இந்தத் தூரம் கணக்கில் வராது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திடணும். மறுவரையறை என்றாலே நம்ம ஊரில் உடனே வரும் பேச்சு, "மக்களவையில் தமிழ்நாட்டின் 39 என்ன ஆகும்?" என்பதுதான். அது மாநிலங்களுக்கு இடையிலான பங்கு. மக்கள் தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தண்டனையா என்ற அந்தக் கவலை நியாயமானது. நாம இங்கே பேசுவது மாநிலத்துக்கு உள்ளே நடப்பது. இதில் யாரும் அதிகமாகப் பிள்ளை பெற்றதால் வந்த வித்தியாசம் இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் ஆட்கள் இடம் மாறியதால் வந்த வித்தியாசம். முதலாவதை எதிர்ப்பவர் இரண்டாவதையும் எதிர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் சோழிங்கநல்லூர் மாதிரித் தொகுதிகளின் பிரச்சினை பேசப்படாமலே போகும்.

கோடு வரைபவர்கள் யார் என்பதும் தெரிஞ்சுக்கோங்க. மறுவரையறை ஆணையத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் ஒருவர் தலைவர். தேர்தல் ஆணையர் ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர் ஒருவர் உறுப்பினர்கள். 2002 சட்டப்படி மாநிலத்தின் எம்.பி.க்கள் ஐந்து பேர், எம்.எல்.ஏ.க்கள் ஐந்து பேர் உடன் உட்காரலாம், கருத்துச் சொல்லலாம்; ஓட்டுரிமை கிடையாது. வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபனையும் ஆலோசனையும் கேட்க வேண்டும், பொதுக்கூட்டமும் நடத்த வேண்டும். அந்த நேரம்தான் நமக்கான நேரம். ஏன்னா இறுதி ஆணை வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சமம்.

நம்மால முடிஞ்சது என்ன?

கோடு போடுறது நம்ம கையில இல்ல. ஆனா கோடு போடும்போது நாம எண்ணிக்கையில இருக்கிறது நம்ம கையில இருக்கு.

ஒண்ணு. மறுவரையறை நடப்பது வாக்காளர் பட்டியலை வைத்து அல்ல, மக்கள் தொகைக் கணக்கெடுப்பை வைத்து. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. கணக்கெடுப்பாளர் வரும்போது நீங்கள் வழக்கமாகத் தங்கும் இடத்தில் எண்ணப்படணும். ஹாஸ்டலும் கணக்கில் உண்டு. "எங்க வீட்டு ஓனர்கிட்ட கேளுங்க" என்று கதவைச் சாத்திடாதீங்க. அந்த ஃபார்மில் விடுபடும் ஏழு பேர், அடுத்த பல வருஷத்துக்கு விடுபட்டவர்கள்தான்.

ரெண்டு. ஓட்டு எங்கே வைத்துக்கொள்வது? வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊர் முகவரியிலோ, படிக்கும் ஊரில் தங்கியிருக்கும் முகவரியிலோ பதிவு செய்யலாம். இங்கே பதிவதென்றால் படிவம் 6உடன் கல்லூரி முதல்வரிடமிருந்து படிப்புச் சான்று வாங்கி இணைக்க வேண்டும். ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்து மாற்றுவதென்றால் படிவம் 8. ரெண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு. 18 வயது கணக்கு இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு நாலு தேதிகளில் பார்க்கப்படுகிறது. 17 முடிந்தவுடனே முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஊர்ப் பாசமும் ஒரு அரசியல்தான். ஆனா வருஷத்துக்கு பத்து மாசம் எந்தத் தண்ணியில நிக்கிறோமோ, அந்த இடத்தைப் பற்றி ஒரு தடவை யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

மூணு. உங்க தெரு மாநகராட்சியா, ஊராட்சியா, எந்த வார்டு, எந்தத் தொகுதி என்பதை எழுதி ரூம் கதவுக்குப் பின்னாடி ஒட்டிடுங்க. அடுத்த தடவை "எங்க லிமிட் இல்ல" என்று யாராவது சொன்னா, "அப்போ யார் லிமிட்?" என்று கேட்கிறதுக்கு அது போதும்.

எங்க ரூம்ல ஏழு பேரில் அஞ்சு பேர் ஊரிலேயே ஓட்டு வைத்துக்கொள்வதாக முடிவு பண்ணிட்டாங்க. நானும் இன்னொருத்தனும் இங்கே மாற்ற விண்ணப்பம் போட்டிருக்கோம். அதைவிட முக்கியமா ஒரு வேலை நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையை மூடின பிறகு, அக்காவோட படிவம் 8ஐ என் போன்லயே நிரப்பினோம். பழைய முகவரி கேட்டப்போ அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அந்தத் தெருவே இப்போ இல்லையாம். பழைய அட்டையில இருந்த பேரைப் பார்த்து நாங்களே எழுதினோம்.